கடைசிப் பக்கம் வரை படித்தீர்களா?

பவானி போன வாரம் தொலைபேசியில் அழைத்தாள். நான் ஓய்வு பெற்றபோது என் நாற்காலிக்கு வந்தவள். கெட்டிக்காரி, எதையும் கேட்டுவிட்டுச் செய்கிற பழக்கத்தை இன்னும் விடவில்லை. மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கையும் அதனுடன் மூன்று நிறங்களில் வட்ட ஒட்டுகளும் வந்திருக்கின்றனவாம். பச்சை எல்லோருக்கும். மஞ்சள், பெற்றோர் துணையுடன் படிக்க. சிவப்பு, பதினெட்டு வயது நிறைந்தவர்களுக்கு. நூலகத்திலுள்ள கதைப் புத்தகங்கள் அனைத்துக்கும் மாத முடிவுக்குள் ஒட்டி முடித்து, ஒட்டிய விவரத்தை உரிய படிவத்தில் அனுப்ப வேண்டும்.

"எதுக்கு எந்தக் கலர்னு எப்படி மேடம் முடிவு பண்றது? எல்லாத்தையும் நான் படிச்சதில்லையே."

"சுற்றறிக்கை என்ன சொல்லுது?"

"'நூலகர் தமது அனுபவத்தின் அடிப்படையில்'னு சொல்லுது."

அனுபவம் என்னிடம் இருக்கிறது. ஒட்டு அவளிடம் இருக்கிறது. ஆகவே இதை எழுதுகிறேன்.

தமிழ் இலக்கியத்தில் முதுகலை, நூலக அறிவியலில் ஒரு பட்டம் என்று இரண்டையும் முடித்த எனக்குக் கிடைத்த முதல் பணி, மாத்தூரில் ஒரு வாடகைக் கட்டடத்தில் பழைய நாளிதழ்களைத் தேதிவாரியாகச் சணல் கயிற்றில் கட்டுவது. பிறகு பேசின் பிரிட்ஜ் பக்கம் நான்கு ஆண்டுகள். அங்கே ரயில் போகும்போது வாசகர்கள் படிப்பதை நிறுத்திவிட்டு, அது போய் முடிந்ததும் விட்ட வரியிலிருந்து தொடர்வார்கள். கடைசியாக, துறைமுகத்துக்குள் நுழைய லாரிகள் வரிசை கட்டி நிற்கும் சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி இருந்த ஒரு கிளை நூலகம். ஓய்வு பெறும்வரை அங்கேதான். வெள்ளிக்கிழமை விடுமுறை. மற்ற நாள்களில் காலை முதல் மாலை வரை பொதுமக்கள் வருவார்கள். அவர்களில் சிலர் படிக்கவும் வருவார்கள்.

வேலையில் சேரும்போது யாரும் சொல்லித் தராத ஒன்று உண்டு. பதின்ம வயதுப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் அத்தனை பேரும் நூலகருக்கு மேலதிகாரிகள். "இதுல கட்டிப் புடிக்கிற சீன் எதுனா இருக்குதா மேடம்?" என்று கேட்ட அம்மா உண்டு. "பரிட்சைக்கு வர்ற புக்கு மட்டும் குடு, மத்தது இன்னாத்துக்கு?" என்ற அப்பா உண்டு. எங்கள் புத்தகங்கள் அவர்களுக்கு எந்தத் துப்பும் கொடுக்காது. கிழிந்த புத்தகம் பைண்டரிடம் போனால், படம் போட்ட அட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பழுப்புக் காலிகோ துணி ஒட்டித் திருப்பி அனுப்புவார். பக்திப் புத்தகத்துக்கும் காதல் கதைக்கும் ஒரே சீருடை. அட்டையைப் பார்த்துக் கவலைப்படும் வசதி பெற்றோருக்கு இல்லாததால், நடுவில் எங்காவது பிரித்துப் பார்த்துக் கவலைப்படுவார்கள்.

அந்தக் கிளைக்குப் போன புதிதில் நான் ஒரு பெரிய தவறு செய்தேன். இரண்டு புகார்கள் வந்ததும் பதினான்கு நாவல்களைத் தேர்ந்தெடுத்து ஓர் இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினேன். தேர்ந்தெடுத்தேன் என்றால், கேள்விப்பட்டதை வைத்துத்தான். பதினான்கில் நான் படித்தவை நான்கு. சாவியை என் மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டேன். ஒரே மாதத்தில் அந்த பீரோவுக்குப் பெயர் வந்துவிட்டது.

"மேடம், அந்த கலீஜ் பீரோ எப்ப தொறப்பீங்க?" என்று பிளஸ் டூ மாணவர்கள் நேராகவே கேட்டார்கள். அதற்கு முன் அந்தப் பதினான்கில் பெரும்பாலானவற்றை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை.

ஆண்டு ஆய்வுக்கு ஏகாம்பரம் சார் வந்தார். ஆய்வாளர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. தேநீரை முழுதாக ஆறவிட்டுக் குடிப்பார். அது ஆறும்வரை பதிவேடு பார்ப்பார், ஆறிய பிறகுதான் பேசுவார். அவர் பதிவேட்டை மூடும் ஓசைக்கே நாங்கள் எழுந்து நிற்போம்.

பீரோவைத் திறக்கச் சொன்னார். ஒவ்வொரு புத்தகமாக எடுத்து, மேசையில் அதன் முதுகை ஊன்றி நேராக நிறுத்தி, இரண்டு அட்டைகளையும் பிடித்துச் சட்டென்று விட்டார். புத்தகம் தானாகப் பிரிந்து விழுந்தது. விழுந்த பக்கத்தைப் பார்த்தார். அடுத்ததை எடுத்தார்.

"நிறைய பேர் படிச்ச பக்கத்துலதாம்மா புத்தகம் தானா திறக்கும். அடிக்கடி திறந்த இடம் தளர்ந்து போயிருக்கும். பதினொண்ணு சரியா நடுவுல திறக்குது. அதாவது யாருமே படிக்கல. நீங்க பூட்டி வச்சது தூசியை."

"மிச்சம் மூணு சார்?"

"அது நீங்க நினைக்கிற பக்கத்துலதான் திறக்குது." தேநீரைக் குடித்து முடித்தார். "முந்நூறு பக்கத்துல ஒரு பக்கம். நீங்க பூட்டினதால, புத்தகமே அந்த ஒரு பக்கம்தான்னு பிள்ளைங்க நினைச்சிருப்பாங்க. பெத்தவங்களும் அதையேதான் நினைக்கிறாங்க. நீங்களுமா?"

பீரோ அன்றே காலியானது. போகும் முன் இரண்டு காரியங்களை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். ஒன்று, ஒரு விதி. யார் எதைப் படித்தார்கள் என்று மூன்றாம் ஆளிடம் சொல்லக் கூடாது. "அப்பாவும் மூணாவது ஆள்தாம்மா." இன்னொன்று, அவரே தட்டச்சு செய்து வைத்திருந்த புகார்ப் படிவம். ஏழு கலங்கள். உறுப்பினர் பெயரும் எண்ணும். நூலின் பெயரும் பதிவெண்ணும். ஆட்சேபணைக்குரிய பக்கம். ஆட்சேபணை. ஐந்தாவது கலம்: 'நூலை முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை படித்தீர்களா? ஆம் / இல்லை.' ஆறாவது, கோரும் நடவடிக்கை. ஏழாவது, கையெழுத்து.

அந்த ஐந்தாவது கலம் பல ஆண்டுகள் எனக்குக் கவசமாக இருந்தது. கோபத்தோடு வருகிறவர்கள் நான்கு கலங்களை வேகமாக நிரப்புவார்கள். ஐந்தில் பேனா நிற்கும். "அப்பால வர்றேன்" என்று எழுந்து போவார்கள்; வர மாட்டார்கள். சிலர் துணிந்து 'ஆம்' போடுவார்கள். "கடைசியில அந்தப் பொண்ணு எந்த ஊருக்குப் போறா?" என்று கேட்பேன். படிவம் கசங்கிக் குப்பைக்கூடைக்குப் போகும். புகாரை விசாரிக்காமலே தீர்க்கும் வழி எனக்குத் தெரிந்துவிட்டது. ஏகாம்பரம் சார் அதற்காக அந்தக் கலத்தைப் போடவில்லை என்பது மட்டும் வெகுநாள் தெரியவில்லை.

இனி சேவியர்.

என் பணியின் கடைசி ஆண்டுகளில் ஓர் இருப்புச் சரிபார்ப்பு. ஒவ்வொரு புத்தகத்தையும் கையில் எடுத்துப் பதிவெண்ணோடு ஒப்பிட வேண்டும். அப்போதுதான் பார்த்தேன். பின் அட்டையின் உட்புறத்தில், பென்சிலில், சின்னதாக ஒரு குறி: 'சே. சரி.' பக்கத்தில் தேதி. ஒன்றிரண்டு இல்லை, கதைப் பகுதியில் நாற்பதுக்கும் மேல். சிலவற்றில் 'சரி'க்குப் பதில் ஒரு பெருக்கல் குறியும் பக்க எண்ணும். சில மாதங்களாகவே அம்மாக்கள் வந்து "டிக்கு போட்ட புக்கா குடு மேடம்" என்று கேட்டதற்கும், சில பிள்ளைகள் பின் அட்டையை மட்டும் பிரித்துப் பார்த்துப் புத்தகம் தேர்ந்தெடுத்ததற்கும் அப்போதுதான் பொருள் விளங்கியது. பெருக்கல் குறி போட்டவை அதிகம் போயிருந்தன என்பதைச் சொல்லத் தேவையில்லை.

குறியிட்ட தேதிகளில் அந்தப் புத்தகங்கள் எல்லாமே ஒரே உறுப்பினரின் அட்டையில் இருந்தன. அனிட்டா, பதினோராம் வகுப்பு. அவளுடைய அப்பாவை வரச் சொன்னேன். காக்கி உடையில் வந்தார். துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் சரக்கை எண்ணி, பழுது பார்த்துக் குறித்துக்கொள்ளும் வேலை.

"நூலகப் புத்தகத்துல எழுதக் கூடாதுன்னு தெரியும்ல?"

"எழுதல மேடம். டாலி போட்டேன்."

"எழுதினதுக்கு அதுதான் பேரா?"

"மேடம், ஹார்பர்ல ஒரு பொட்டி வருதுன்னா, எண்ணி, நாலு பக்கமும் பாத்து, கையெழுத்து போட்டாதான் ஷெட்டுக்குள்ள போவும். எம்பொண்ணு தலை இன்னா ஷெட்ட விட கேவலமா?"

முப்பது ஆண்டுப் பணியில் இத்தனை பெற்றோரைப் பார்த்ததில், பிள்ளைக்குக் கொடுக்கும் முன் தான் படித்துப் பார்த்தவர் இவர் ஒருவர்தான். டிபன் பெட்டியோடு ஒரு நாவலையும் எடுத்துப் போவாராம். கப்பல் வந்து கரை சேரும்வரை காத்திருக்கும் நேரத்தில் படிப்பாராம்.

"முழுசாப் படிப்பீங்களா?"

"நல்லா இருந்தா முழுசா. ஒரு பொட்டி உடைஞ்சிருந்தா அங்கயே நிப்பாட்டிருவோம் மேடம். சர்வேயர் வந்து பாக்கற வரைக்கும் மேல எண்ண மாட்டோம். புக்கும் அப்டித்தான். தப்பா ஒரு பக்கம் வந்திச்சின்னா அத்தோட மூடிருவேன்."

"போன்ல இதைவிட மோசமா வருது சேவியர்."

"போன்ல பாக்கறது கண்ணோட பூடும் மேடம். புக்கு உள்ள பூந்து குந்திக்கும்."

இனி எழுதுவதில்லை என்று உறுதி வாங்கிக்கொண்டு, விதிப்படி எல்லாக் குறிகளையும் ரப்பரால் அழித்தேன். அந்த ஊரின் தணிக்கைத் துறையை நான் ஒருத்தியே இரண்டு பிற்பகல்களில் ஒழித்தேன்.

அனிட்டாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒற்றை அறை வீடு. அம்மா லூர்து மேரி மணலி பக்கம் ஒரு தையல் கம்பெனியில் வேலை. பள்ளி விட்டதும் நூலகத்துக்கு வந்து, ஜன்னலோர மேசையில் வீட்டுப் பாடம் எழுதி, அம்மா வேலை முடிந்து வரும் நேரத்துக்குக் கிளம்புவாள். அவளுக்கென்று ஒரு மேசை இருந்த ஒரே இடம் எங்கள் நூலகம். அதிகம் பேச மாட்டாள். அப்பாவின் டாலியைப் பற்றி ஒருமுறை கேட்டேன். "எங்கப்பா பாஸ் பண்ணி வர்றதுக்குள்ள எனக்கு வயசாயிடும் மேடம்" என்றாள். அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

சேவியர் இரண்டு மாதம் தொடர்ந்து இரட்டை ஷிஃப்ட் பார்த்தபோது, அவள் தானே ஒரு நாவலை எடுத்தாள். அதன் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நாளைக்கே அதற்குச் சிவப்பு ஒட்டு விழும். இளம்பெண் ஒருத்தி, அவளைவிட வயதில் மூத்த ஒருவன், யாருக்கும் தெரியாத ஓர் உறவு. மறுபடி பைண்டிங் ஆகி வந்த பிறகு யாரும் தொடாத புத்தகம். அவள் எடுத்தாள், பதினான்கு நாள் கழித்துப் புதுப்பித்தாள், மறுபடி புதுப்பித்தாள், மறுபடியும். மூன்றாம் புதுப்பிப்புக்கு முத்திரை குத்தும்போது கேட்டாள்.

"மேடம், இதுல அவ ஏன் வீட்ல சொல்லவே இல்ல?"

நான் நிமிர்ந்து பார்த்திருக்க வேண்டும். பார்க்காமல் தவணைச் சீட்டில் முத்திரை குத்திக்கொண்டே, அந்தக் காலத்துக் குடும்ப அமைப்பு, பெண்ணின் மௌனம், ஆசிரியரின் உத்தி என்று தேர்வுக்குப் படிக்கிறவளுக்குச் சொல்வதுபோல் நாலு வாக்கியம் சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனாள். இலக்கியக் கேள்விக்குச் சரியான விடை சொன்ன திருப்தி எனக்கு.

ஒரு வாரம் கழித்துச் சேவியர் வந்தார். கையில் அந்தப் புத்தகம். பின்னால் அனிட்டா, பள்ளிச் சீருடையிலேயே. உள்ளே வராமல் நாளிதழ்ப் பலகையின் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"மேடம், இத்த இவ பையில பாத்தேன். நூத்திப் பன்னெண்டாம் பக்கம். பாருங்க... வேணாம், நீங்க பாக்காதீங்க." ஒரு பெண்ணிடம் அந்தப் பக்கத்தைக் காட்டக் கூச்சப்பட்டுப் புத்தகத்தை மூடினார். உடனே கோபம் திரும்பியது. "இந்த மாதிரி புக்க எடுத்துப் போட்ருங்க. இவ கார்டையும் கேன்சல் பண்ணுங்க. நான் போட்ட கையெழுத்த வாபஸ் வாங்கிக்கிறேன்."

பதினெட்டு வயது நிறையாதவருக்குப் பெற்றோர் கையெழுத்து இல்லாவிட்டால் உறுப்பினர் அட்டை செல்லாது. எழுத்து மூலம் கேட்டால் நான் ரத்து செய்தே ஆக வேண்டும். அனிட்டா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எனக்குத் தெரிந்த ஒரே வித்தையைச் செய்தேன். படிவத்தை நீட்டினேன்.

"முதல்ல புகார். அதுல முடிவானதும் கார்டு விஷயம். அதுதான் முறை."

அப்படி ஒரு முறை கிடையாது. அந்த நிமிடம் நானே உண்டாக்கியது.

சேவியர் அமர்ந்து, அச்சடித்தது போன்ற கையெழுத்தில் நான்கு கலங்களை நிரப்பினார். ஐந்தில் பேனா நின்றது.

"நூத்திப் பன்னெண்டு வரைக்கும் படிச்சேன்."

"அப்ப 'இல்லை'னு எழுதுங்க."

"எழுதினா?"

"புகார் நிக்காது."

"'ஆம்'னு எழுதினா?"

"பொய்யாகும்."

மற்றவர்கள் எழுந்து போகும் இடம் இது. அவர் எழவில்லை. படிவத்தையே பார்த்தார்.

"பாக்காத சரக்குக்கு நான் இதுவரைக்கும் கையெழுத்து போட்டதில்ல மேடம். எத்தினியோ பேரு போடச் சொல்லிகிறாங்க." பேனாவை மூடினார். "இந்த ஃபாரம் இங்கயே இருக்கட்டும். புக்க எம்மேல போடுங்க. படிச்சுட்டு வந்து எழுதறேன்."

புத்தகத்தைப் பதிவு செய்ய வாங்கினேன். கை பழக்கத்தில் முதுகை மேசையில் ஊன்றி நிறுத்தி விட்டேன். பிரிந்து விழுந்தது. நூற்றுப் பன்னிரண்டில் இல்லை. நூற்று முப்பத்தொன்றில்.

அந்தப் பக்கத்தில் முத்தம்கூட இல்லை. அந்தப் பெண் மாடிப்படியில் உட்கார்ந்து, தன் அக்காவிடம் என்ன சொல்வது என்று வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறாள். 'வீட்டில் சொல்லாதே' என்று அவன் சொன்னது நினைவுக்கு வருகிறது. எழுந்து போய் விளக்கேற்றுகிறாள். அவ்வளவுதான். தவணைச் சீட்டைப் பார்த்தேன். நான்கு முத்திரைகள், நான்கும் அனிட்டாவுக்குக் குத்தியவை. புத்தகத்தை அந்த இடத்தில் தளரச் செய்தவள் அவள் ஒருத்தி. அவள் என்னிடம் கேட்டது இலக்கியக் கேள்வி இல்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. நிமிர்ந்து பார்த்தேன். நாளிதழ்ப் பலகையின் பக்கத்தில் யாரும் இல்லை.

சேவியரிடம் சொல்லியிருக்கலாம். விதி இருந்தது, அப்பாவும் மூன்றாம் ஆள். "நூத்திப் பன்னெண்டுல நிக்காதீங்க. கடைசி வரைக்கும் படிங்க" என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த பதினொரு நாளும் அனிட்டா வரவில்லை. ஜன்னலோர மேசையில் போட்டித் தேர்வுக்காரர்கள் உட்கார்ந்தார்கள். அவள் வீடு எனக்குத் தெரியும். உறுப்பினர் படிவத்தில் முகவரி இருக்கிறது, நடந்து போகும் தூரம். போகவில்லை. விதியைக் காரணமாக எனக்குள் சொல்லிக்கொண்டேன். உண்மையில், போய் என்ன கேட்பது என்று தெரியவில்லை. அந்த நாலு வாக்கியங்களைச் சொன்னவள் எந்த முகத்தோடு போய்க் கேட்பது என்றும் தெரியவில்லை.

பன்னிரண்டாம் நாள் சேவியர் வந்தார். எதிர் நாற்காலியில் அமர்ந்து, புத்தகத்தை மேசையில் வைத்து, அதன் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"முடிச்சிட்டேன் மேடம். மெதுவாத்தான் படிப்பேன். அந்தாளு மேல வந்த கோவத்துல ரெண்டு நாளு மூடி வச்சிட்டேன்."

"எந்த ஆளு?"

"கதையில வர்றவன்தான். அப்பால தோணிச்சி, இவன் மேல எனக்கு இன்னாத்துக்குக் கோவம், நம்ம வூட்ல ஒரு பொண்ணு கீதேன்னு." புத்தகத்தின் மேலிருந்து கையை எடுத்தார். "ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு வந்தோம். அவங்கம்மா மீன் ஆஞ்சிகினு இருந்திச்சி. நான் புக்கப் பத்தி எதுவும் கேக்கல. 'உங்கிட்ட யாராவது வூட்ல சொல்லாதன்னு சொல்லிகிறாங்களா?'ன்னு கேட்டேன். அவ்ளோதான் மேடம். அப்டியே குந்திட்டா. அய்யய்யோன்னு அழுவுறா."

தெருமுனையில் செல்போன் கடை. ரீசார்ஜ் செய்யப் போனபோது எண்ணை வைத்துக்கொண்டவன். வயது இருபத்தாறு. நான்கு மாதமாகச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறான்.

"அல்லாத்தயும் காட்னா. நானும் அவங்கம்மாவும் ஒண்ணொண்ணா படிச்சோம். தெனம் கடைசியில ஒரே வரிதான் மேடம். 'வூட்ல சொல்லாத.' அடுத்த சனிக்கெழம எண்ணூர் பக்கம் தனியா வரச் சொல்லிகிறான். போவ மாட்டேன்னும் சொல்லாம, போறேன்னும் சொல்லாம இவ தெனம் செத்துகினு இருந்திருக்கா. நான் இன்னாடான்னா பொட்டி பொட்டியா டிக்கு போட்டுகினு இருந்திருக்கேன்."

"லூர்து மேரி என்ன சொன்னாங்க?"

"சொல்றதுக்கு அது எங்க நின்னிச்சி? கைகூட சரியா கழுவல, நேரா கடைக்குப் பூட்ச்சி. நான் சட்ட மாட்டிகினு போறதுக்குள்ள தெருவே அங்க நிக்குது." முதல் முறையாக லேசாகச் சிரித்தார். "அப்பால மகளிர் ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்தோம். அங்கயும் ஒரு ஃபாரம் குடுத்தாங்க. இந்த அஞ்சாவது கலம் அதுல இல்ல மேடம்."

படிவத்தை எடுத்துக் கொடுத்தேன். ஐந்தாவது கலத்தில் 'ஆம்' என்று எழுதினார். மூன்றையும் நான்கையும் திருத்துவார் என்று எதிர்பார்த்தேன்.

"அத்த மாத்த மாட்டேன். நூத்திப் பன்னெண்டாம் பக்கம் எனக்கு இப்பவும் புடிக்கல. வேணும்னே எழுதிகிறான். ஆனா அத்த தாண்டாம அங்கால போவ முடியாது போலகீது." ஆறாவது கலத்தில் வெகுநேரம் யோசித்து எழுதினார்: 'நூலை எடுக்க வேண்டாம். பெற்றவர்கள் முதலில் முழுதும் படிக்கவும்.' கையெழுத்துப் போட்டார்.

"கார்டு?" என்று கேட்டேன்.

"அவ வெளிய நிக்கிறா. அவளையே கேளுங்க."

அனிட்டா உள்ளே வந்தாள். நான் முறைப்படி எதுவும் கேட்கவில்லை. "அன்னைக்கு நீ கேட்டதை நான் சரியாக் கேட்கல" என்றேன். "பரவால்ல மேடம்" என்றாள். பிறகு ஜன்னலோர மேசையைப் பார்த்தாள். போட்டித் தேர்வுக்காரர் ஒருவர் அங்கே தூங்கிக்கொண்டிருந்தார். அவரை எழுப்பி வேறு இடத்துக்கு அனுப்பினேன். வாசகரை எழுப்பவும் எனக்கு அதிகாரம் கிடையாது.

அந்தப் புத்தகம் அவளைக் காப்பாற்றியது என்று எழுதக் கை வரவில்லை. ஏழு வாரம் அந்தப் பக்கத்தைப் படித்தும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம் வந்து கேட்டாள். நான் விரிவுரை ஆற்றினேன். ஒருவர் முழுதாகப் படித்துவிட்டு, அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அந்தக் கேள்வி அவருக்கு நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் கிடைத்திருக்காது.

அடுத்த இருப்புச் சரிபார்ப்பில் அந்தப் புத்தகம் கைக்கு வந்தது. பின் அட்டையைப் பிரித்தேன். எழுதுவதில்லை என்று எனக்குக் கொடுத்த உறுதியை மனிதர் மீறியிருந்தார். பென்சிலில், 'சே. 112இல் நிறுத்தினேன்', ஒரு தேதி. அதன் கீழே, 'சே. முடித்தேன்', பத்து நாள் தள்ளி இன்னொரு தேதி. 'சரி' இல்லை, பெருக்கல் குறியும் இல்லை. அதற்கும் கீழே, கோணல் மாணலாக வேறொரு கையெழுத்து: 'லூ. மே. நானும்.' மூன்று வாரம் தள்ளித் தேதி. லூர்து மேரி எட்டாம் வகுப்போடு நின்றவர் என்று அனிட்டா சொல்லியிருக்கிறாள். தையல் கம்பெனி வேன் மாத்தூரைத் தாண்டும் நேரத்தில் தினமும் நாலு பக்கம் படித்தாராம்.

என் கையில் ரப்பர் இருந்தது. நாற்பது குறிகளை அழித்த அதே ரப்பர். அதை இழுப்பறையில் போட்டு மூடினேன். நான் ஓய்வு பெறும்போது அந்தப் பட்டியலில் ஒன்பது பேர் இருந்தார்கள், தேதியோடு. அனைவரும் பெற்றவர்கள். ஒருவர் மட்டும் 'பாதி வரை' என்று நேர்மையாக எழுதியிருந்தார்.

ஆகவே பவானி, ஒட்டு. சுற்றறிக்கை சுற்றறிக்கைதான். எந்த நிறம் என்று என்னைக் கேட்காதே. படித்ததற்கு மட்டும் ஒட்டு, படிக்காததற்கு எதிரே 'படிக்கவில்லை' என்று எழுதி அனுப்பு. அப்படி ஒரு கலம் அவர்கள் படிவத்தில் இருக்காது, நீயே ஒரு கோடு போட்டுக்கொள். ஏகாம்பரம் சாரின் படிவம் கடைசி இழுப்பறையில் இன்னும் ஒரு கட்டு இருக்கிறது. புகாரோடு வருகிறவர்களைத் துரத்த அதை எடுக்காதே. நான் எடுத்தேன். புத்தகத்தையும் சேர்த்துக் கையில் கொடு.

ஒட்டை ஒட்ட வேண்டிய இடம் பின் அட்டையின் உட்புறம், வலது மேல் மூலை என்று குறித்திருப்பதாகச் சொன்னாய். பென்சில் தேதிகள் வரிசையாக உள்ள அந்த ஒரு புத்தகத்தில் மட்டும் அங்கே ஒட்டாதே. அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். இடது பக்கம் ஒட்டு. ஆய்வுக்கு வருகிறவர் காரணம் கேட்டால், பழைய நூலகரின் வாய்மொழி உத்தரவு என்று சொல். என்னிடம் விளக்கம் கேட்டு எழுதட்டும். பதில் எழுத எனக்கு இப்போது நிறைய நேரம் இருக்கிறது.